மணிக்கட்டில் ஓடிய வீதி

திருப்பூரில் வெள்ளிக்காட்டுத் தோட்டம் என்ற இடத்தில் ஐந்து வீதிகள் இருக்கின்றன. நான்கு வீதிகளுக்குச் சூரியனால் பொழுது விடியும். எங்கள் மூன்றாம் வீதிக்கு மட்டும் நாச்சிமுத்துவின் இடது மணிக்கட்டால் விடியும். வெளியாட்களிடம் இதை நாங்கள் சொல்வதில்லை. ஒளிக்க வேண்டும் என்றில்லை. ரேஷன் கடைக்கு வழி கேட்டு வந்தவரிடம் இதைப் போய் எதற்குச் சொல்வது என்றுதான்.

நாச்சிமுத்து ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் மேனேஜராக இருந்தவர். பெட்டிக்குள் ஒரு உருப்படி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று நிற்பவர். அந்த நறுவிசைப் பல வருஷம் பார்த்திருந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவர், இனி இந்தியாவுக்கு வரப்போவதில்லை என்று சொல்லி விடைபெற்ற அன்று, தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போனார். பேட்டரி இல்லாத கடிகாரம். உள்ளே ஒரு அரைவட்டத் தகடு இருக்கும், கை ஆட ஆட அதுவும் ஆடிச் சுருள்வில்லைச் சுற்றிக்கொள்ளும், கையில் கட்டியிருக்கும்வரை தானாகவே ஓடும். அதை விற்றால் எங்கள் வீதியில் ஒரு வீடு வாங்கலாம் என்று நகைக்கடைக்காரர் சொன்னார். நாச்சிமுத்து விற்கவில்லை, கட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து வீதியின் நேரம் அதில் ஒட்டிக்கொண்டது.

முதலில் தெரிந்தது பாலில்தான். பால்காரர் தினமும் தாமதமாக வருகிறார் என்று நாங்கள் ஏசினோம், சரியான நேரத்துக்குத்தான் வருகிறேன் என்று அவர் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார், இரண்டு தரப்பிலும் பொய் இல்லை. அந்தக் கடிகாரம் புதிய கையில் கொஞ்சம் வேகமாக ஓடியது, அதனால் எங்கள் வீதி இரண்டாம் வீதியைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து முள்ளைத் திருப்பிப் பார்த்தார், பயனில்லை. முள்ளைத் திருப்பினால் காட்டுவது மாறுமே தவிர ஓடுவது மாறாது. பிறகு அவரே கண்டுபிடித்தார்: ராத்திரி கழற்றி மல்லாக்க வைத்தால் கடிகாரம் வேகம் கூடுகிறது, பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகு மேலே பார்க்கும்படி ஒருக்களித்து வைத்தால் வேகம் குறைகிறது. அப்புறம் ஒரு நாள் மல்லாக்க, இரண்டு நாள் ஒருக்களித்து என்று முறை வைத்துக்கொண்டார். வீதி ஊரோடு ஒத்துப்போனது, பால்காரரும் நல்லவரானார்.

அதன்பின் அந்தக் கடிகாரத்தை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி கைக்குழந்தையைக்கூட யாரும் பார்த்துக்கொண்டதில்லை. குளிக்கும் முன்னே கழற்றுவார், கழற்றியதும் பழைய மல் வேட்டித் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார், துடைத்ததும் பல் விளக்கும் மெல்லிய பிரஷால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வியர்வை உப்பை எடுப்பார், சாவித் திருகு இறுக மூடியிருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தொட்டுப் பார்ப்பார், ஃபிரிட்ஜ் பக்கம் வைக்கமாட்டார், செல்போன் பக்கம் வைக்கமாட்டார், சாம்பிராணிப் புகையில் வைக்கமாட்டார். வீதியும் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டது. மழை தூறினால் எதிர்வீட்டுப் பெண்கள் துணி எடுக்கும் முன்னே, "ஏனுங் மாமா, கையை உள்ள வெச்சுக்குங்" என்பார்கள். அவர் முள்ளோடு மீன் சாப்பிட உட்கார்ந்தால்கூட வலது கையால்தானே சாப்பிடுகிறார் என்று ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருமுறை தப்பு நடந்தது. சவுண்ட் சர்வீஸ் கிட்டுசாமி அம்மன் நோன்புக்கு ஆள் உயர ஸ்பீக்கர் கொண்டுவந்து நாச்சிமுத்து வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கினார். அதன் காந்தம் கடிகாரத்துக்குள் ஏறி, வில் ஒட்டிக்கொண்டு, வீதி தலைதெறிக்க ஓடியது. காலையில் அரைத்த மாவு உச்சிப்பொழுதுக்குள் புளித்துப் பொங்கி அண்டாவை விட்டு வெளியே வந்தது. சவரம் செய்த ஆண்கள் மறுநாள் நான்கு நாள் தாடியோடு கம்பெனிக்குப் போனார்கள். கடைசி வீட்டு மருமகளுக்கு ஊர்க் கணக்கில் ஒரு வாரம் முந்தியே குறை இல்லாத குழந்தை பிறந்தது. டாக்டர் தேதியை நீங்கள்தான் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள் என்று கடிந்தார், அவர்களும் ஆமாங்க என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு மின்கம்பிச் சுருளுக்கு நடுவே கடிகாரத்தை விட்டு எடுத்துக் காந்தத்தை இறக்கினார்கள். கிட்டுசாமி அந்த வருஷத்திலிருந்து ஸ்பீக்கரை வீதி முனையிலேயே நிறுத்திவிடுகிறார்.

இன்னொருமுறை நாச்சிமுத்துவுக்கு விஷக் காய்ச்சல் வந்து கை அசையாமல் கிடந்தார். தகடு ஆடவில்லை, வில் தளர்ந்தது, கடிகாரம் நின்றது, வீதியும் நின்றது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நிற்பவனுக்கு நிற்பது தெரியாது. அடுத்த வீதிக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். தபால்காரர் உள்ளே வந்து ஒரு காலை ஊன்றியபடி சைக்கிளோடு நின்றுவிட்டாராம், அவரைக் கூப்பிட வந்தவரும் நின்றுவிட்டாராம், அதன்பின் முனையில் கயிறு கட்டிவிட்டார்களாம். நான்காம் வீதியில் போர் போட வந்த லாரி பாறையில் துளையிட்டபோது நிலம் அதிர்ந்து, அந்த அதிர்ச்சியில் கடிகாரத்தின் தகடு ஆடி, தபால்காரர் இன்னொரு காலையும் ஊன்றினார். வீதிக்காரர்கள் போர் லாரிக்காரருக்கு மோர் கொடுத்தார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் உள்ளே எண்ணெய் காய்ந்தது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டிய கடிகாரம் அது, ஒருமுறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிரித்தால் நிற்குமே, வீதி என்ன ஆவது என்று நாச்சிமுத்து தள்ளிப்போட்டார், நாங்களும் கேட்கவில்லை. கடிகாரம் தயங்க ஆரம்பித்தது. முதலில் நாளுக்குக் கால் மணி நேரம் பின்தங்கியது, பிறகு ஒரு மணி நேரம், பிறகு நின்று நின்று ஓடி, ஊரில் ஒரு நாள் முடியும்போது எங்களுக்கு அரை நாள்தான் முடிந்திருந்தது.

வீதி அதற்கும் பழகியது. ஊர் மணி, வீதி மணி என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கணக்கு வந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் முகம் கழுவியும் கழுவாமலும் வீதி முனைக்கு ஓடி, அங்கே வெளியே நின்று தலை வாரிக்கொண்டார்கள், ஏனென்றால் வெளியே தலை வாருவது மலிவு. கரண்ட் கணக்கு எடுக்க வந்தவர் எங்கள் மீட்டர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீதியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் கோழிகள் யோசித்து யோசித்து நடப்பதாகத் தெரிந்தது, எங்கள் குக்கர் விசில் ரயில் கூவுவது போல நீண்டு கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாச்சிமுத்துவின் மனைவி செல்லாத்தாளுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பொங்கல் வரைக்கும் இருப்பாங்க, அதுக்கு மேல சொல்ல முடியாது என்றார். நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார், கடிகாரத்தைக் கழற்றினார், துடைக்காமல், சாவித் திருகு மேலே பார்க்கும்படி ஒருக்களித்து வைத்தார். மறுநாளும் அப்படியே வைத்தார். மல்லாக்க வைப்பதை அன்றோடு விட்டுவிட்டார். நடக்கும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ஏன் என்று வீதிக்குத் தெரியும். பிள்ளையார் கோயில் குழாயடியில் குடம் நிரம்ப ஊர்க் கணக்கில் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்த பெண்கள் அதைப் பற்றி நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

"எம்மவளுக்குப் பரீட்சை வருது. இங்கிருந்து கெளம்பிப் போறதுக்குள்ள அங்க பாதி எழுதி முடிச்சிருப்பாங்க" என்றாள் ஒருத்தி.

"அப்ப நீ போய் மாமாகிட்டக் கேளு."

"நானெப்படிக் கேக்கறது? நேத்துத்தான் அந்தக்காவுக்கு ரசம் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்."

"ரசம் குடுத்தவ கேக்கக்கூடாதா?"

"ரசம் குடுத்த வாயில கடியாரத்தை ரிப்பேர் பண்ணுங்கன்னு எப்படிடி சொல்றது."

ஓவர்லாக் தையல்காரி தங்கமணிதான் கடைசியில், "பரீட்சைக்குப் போற புள்ளய என்ற தம்பி ஊட்ல தங்க வெச்சுக்கலாம். அவிய அவிய சித்த முன்னால எந்திரிச்சுக்குங்க. அந்தக்கா இருக்கற வரைக்கும் ஓடட்டும் இப்படியே" என்றாள். அதோடு குழாயடியில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஊரில் பொங்கல் வந்தது. முதல் வீதியிலும் இரண்டாம் வீதியிலும் வாசலில் பானை வைத்தார்கள். செல்லாத்தாள் கட்டிலில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து ஊர்க் காலண்டரில் தை முதல் தாளைக் கிழித்தார், கிழித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"டாக்டர் சொன்னது தாண்டிடுச்சு செல்லா."

"என்ன தாண்டிடுச்சு?"

"பொங்கல்."

செல்லாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஊருக்குப் பொங்கல் வந்துடுச்சுங்க. நமக்கு எங்க வந்துச்சு? எனக்கு இன்னும் கார்த்திகையே முடியல. டாக்டர் குடுத்த மாத்திரை அட்டையப் பாருங்க, எத்தனை இருக்குதுன்னு. நான் குடிச்ச காப்பி எத்தனையோ அத்தனைதான். நீங்க எனக்கு நாள் எச்சாக்கலீங்க. ஊர்க்காரங்களுக்கு எச்சாக்கியிருக்கீங்க."

ஒரு பெட்டியில் ஒரு உருப்படி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி எண்ணினார். அவள் சொன்னது சரியாக இருந்தது. அவளுடைய காலையை எண்ணாமல் ஊருடைய காலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கணக்கு வைத்துக்கொண்ட எங்கள் வீதியில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய தப்பு அது. நாங்களும் அன்று காலை அந்த வீட்டைப் பார்த்து, பரவாயில்லை தாண்டிவிட்டாள் என்றுதான் பேசிக்கொண்டோம்.

"அது போவட்டும்" என்றாள் செல்லாத்தாள். "நம்ம புள்ள பூங்கொடி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வர்றா. அவ கம்பெனியில ஒரு மணி நேரம் விடறாங்க. முன்னெல்லாம் வந்து உக்காந்து, எனக்கு ஊட்டி விட்டு, தலை சீவி விட்டு, ஊர்க் கதையெல்லாம் பேசீட்டுப் போவா. இப்ப வண்டிய ஸ்டாண்டு போட்டு உள்ள வந்து தண்ணி குடிக்கறதுக்குள்ள சூப்பர்வைசர் போன் பண்றான். நாலு நாளா அவளை நான் சரியாப் பாக்கவே இல்ல. எனக்கு நாளும் கூடல, வர்ற புள்ளயோட நேரமும் கொறஞ்சு போச்சு. ரிப்பேருக்குக் குடுங்க."

நாச்சிமுத்து மாத்திரை அட்டையைத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். "பிரிச்சா நிக்கும்" என்றார்.

"நின்னா நிக்கட்டும். நிக்கறது எனக்கென்ன தெரியப் போவுது. உங்களுக்குத்தான் தெரியும்."

கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்தது. வீதி கூடிப் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்குப் பிற்பாடு நிற்பது என்று முடிவு செய்தது, வயிறு நிறைந்து நிற்கலாம் என்பதால். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே உறவுக்காரர் வீடுகளுக்குப் போனோம். உள்ளே இருப்பவர்கள் எப்படி நிற்பது என்று யோசித்தார்கள். கேஸ் அணைத்தாயிற்றா, குழாய் மூடியாயிற்றா என்று பார்த்தார்கள். யாரும் தலையில் சுமையோடு நிற்கக்கூடாது, யாரும் திட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டார்கள். பொதுச் சுவர்த் தகராறில் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரும், மூன்று வாரம் முறைத்துக்கொண்டு நிற்பதை ஊர் பார்க்கும் என்பதால், அன்று ஒரு நாளைக்கு மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வது என்று ஆள்வைத்துப் பேசி முடித்தார்கள். பெரியவர் ஒருவர் பல் செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கிட்டுசாமி மட்டும் வாயில் ஜிலேபியோடு நிற்கப் போவதாகச் சொன்னார்.

"வாயைத் தொறந்துட்டு நின்னா ஈ பூந்துக்கும்" என்றாள் அவர் மனைவி.

"ஈயும் நிக்குமில்ல."

"அப்ப பூந்த ஈ வெளிய வராமயே நிக்கும். உக்காருங்க பேசாம."

பூங்கொடி மூன்று வாரத்துக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவிடம் வந்தாள். உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, எதற்கு லீவை வீணாக்குகிறாய் என்று தங்கமணி கேட்டதற்கு, "அப்பா வெளிய நிக்கறாரு. உள்ள ஒரு ஆள் வேணுமில்லீங்க அக்கா" என்றாள். செல்லாத்தாளை வாசலுக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலையை அவிழ்த்துவிட்டு வார ஆரம்பித்தாள். நாச்சிமுத்து பையோடு வீதி முனைக்கு நடந்தார், அங்கே கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து திரும்பினார். செல்லாத்தாள் நேரமாகுது போங்க என்பது போல் கையை ஆட்டினாள். அவர் சாவித் திருகைத் தளர்த்தி வெளியே இழுத்தார். விநாடி முள் நின்றது. ஆட்டிய கை மேலேயே இருந்தது.

சென்னையில் நடந்ததை அவர் பிற்பாடு சொல்லிக் கேட்டது. சர்வீஸ் சென்டரில் எஸ்தர் என்ற பெண் வெள்ளைக் கோட்டு போட்டு, கண்ணில் லென்ஸ் மாட்டி, பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். எண்ணெய் இருந்த இடங்களில் வேப்பம்பிசின் மாதிரி காய்ந்து கிடந்தது.

"வெளியில ஒரு கீறல் இல்ல சார். இவ்ளோ நீட்டா வெச்சிருக்கற வாட்ச்ச நான் பாத்ததே இல்ல. உள்ளதான் விட்டுட்டீங்க."

"பயந்துட்டு விட்டுட்டனுங்."

மூன்று வாரமும் அவர் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கி, தினமும் போய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் ஒவ்வொரு சக்கரமாக எடுத்துக் கழுவினார், தேய்ந்ததை மாற்றினார், ஊசி முனையால் எண்ணெய் வைத்தார், வில்லைச் சுற்றாமலே மூடினார். இனி ஒரு வாரம் மெஷினில் ஓடவிட்டு, மல்லாக்க, கவிழ்த்து, ஒருக்களித்து என்று எல்லா வாக்கிலும் பார்த்துத்தான் தருவோம் என்றார்.

நாச்சிமுத்து எழுந்து நின்றார். அந்த ஒரு வாரம் கடிகாரம் ஓடினால் அங்கே வீதி ஓடும், செல்லாத்தாளுக்கு ஒரு வாரம் போய்விடும், அவர் இல்லாமல்.

"ஓடவிட வேண்டாமுங். இப்படியே குடுத்துருங்க."

"ஓடவிடாம எப்படி சார் தர்றது? சரியா ஓடுதா, ஓடவே ஓடுதான்னுகூட எனக்குத் தெரியாது. கேரண்டி கிடையாது."

"கேரண்டி வேண்டாமுங்."

"நான் சத்தம் கேக்காம ஒரு வாட்ச்சும் வெளிய அனுப்பினதில்ல சார்."

"அதை நான் அங்க போய்க் கேட்டுக்கறேனுங்" என்றார் நாச்சிமுத்து. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தே பழகியவர், ஒருமுறையும் சரிபார்க்காத கடிகாரத்தைச் சாவித் திருகு இழுத்தபடியே வாங்கிக்கொண்டு, தகடு ஆடாமல் மடியில் படுக்கவைத்து, ரயிலில் திருப்பூர் வரைக்கும் வந்தார்.

அவர் வந்தபோது வெளியே தங்கியிருந்த நாங்கள் எல்லோரும் கயிற்றோரம் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். காலை வெயில். அவர் கயிறுவரைக்கும் வந்து நின்றார். உள்ளே நாற்காலியில் செல்லாத்தாள், மேலே தூக்கிய கை, பின்னால் பூங்கொடி. கடிகாரம் அவர் உள்ளங்கையில் இருந்தது. திருகை நான்கு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளினால் போதும். தள்ளாவிட்டால் அவள் சாகமாட்டாள். இன்னும் இருபது வருஷம் கழித்தும் அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவர் தினமும் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே எங்கள் ஆட்களும் இருந்தார்கள், எங்கள் வீடுகளும் இருந்தன. ஆனாலும் யாரும் தள்ளுங்க என்று சொல்லவில்லை. வெயில் ஏறியது. பக்கத்துக் கடையிலிருந்து யாரோ டீ வாங்கிவந்து அவரிடம் நீட்டினார்கள், அவர் வாங்கவில்லை, கை அசைந்தால் கடிகாரம் ஆடும். தங்கமணி தன் மூட்டையில் சாய்ந்தபடியே, "மாமா, எங்களுக்கொண்ணும் அவசரமில்லீங்க. இன்னைக்கு நான் ஷிப்டுக்குப் போகல" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திருகை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார், சுற்றும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. நிறுத்தினார். கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் உள்ளே தள்ளினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மணிக்கட்டை லேசாக ஒருமுறை அசைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தே, கேட்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

செல்லாத்தாளின் கை மடிக்கு இறங்கியது. சிக்கு எடுத்த சீப்பு முடி நுனிவரைக்கும் வந்தது. அவள் முனையைப் பார்த்தாள், அவர் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா?" என்றாள் சலிப்போடு.

நாச்சிமுத்து கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

"போய்ட்டு வந்துட்டேன்" என்றார்.